ஜிப்சியின் மூச்சு

செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதியில் திரும்பிக் கொஞ்சத் தூரம் போனால் பீற்றரின் பேக்கரி. முன்பக்கம் பாண் விற்கிற கடை, நடுவில் பாண் சுடுகிற போறணை, பின்பக்கம் வீடு. போறணைக்கும் வீட்டுக்கும் இடையே அரைச் சுவர் மட்டுந்தான். விறகு மூட்டினால் புகை முதலில் வீட்டுக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வெளியே போகும். பீற்றரும் மனைவி றோஸ்மேரியும் கலியாணம் முடித்த நாள் முதல் அந்தப் புகைக்குள் இருந்தவர்கள். ஜிப்சிக்கும் அது பழகிப் போயிற்று என்றே நினைத்திருந்தார்கள்.

ஜிப்சி பொமரேனியன் இனத்துப் பெட்டை நாய். மண்ணிறச் சடை, நரி முகம், சுருண்ட வால். மட்டக்களப்பு நகரில் பியானோ படிப்பித்த ஒரு பறங்கிப் பெண் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, தன் நாய் போட்ட கடைசிக் குட்டியைத் தன்னிடம் படித்த இமெல்டாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். இமெல்டா பீற்றரின் ஒரே மகள். பிறகு நிலைமை மோசமாகி, வயதுக்கு வந்த பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கப் பயந்த காலத்தில், அவளையும் நீர்கொழும்பில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு அனுப்பினார்கள். நாய் இங்கே நின்றுவிட்டது.

பீற்றருக்கு அந்த நாய் என்றால் உயிர். போறணையிலிருந்து எடுக்கும் முதல் தட்டில் ஒரு பணிஸ் அதற்குரியது. தேத்தண்ணியில் தோய்த்துத் தன் கையாலேயே ஊட்டுவார். வீதியில் கனரக வாகனங்கள் ஓடுகிற இடம் என்பதால், கழுத்தில் பட்டி போட்டுச் சங்கிலியால் போறணைக்குப் பக்கத்துத் தூணில் கட்டி வைப்பார். வாகனம் கண்டால் ஜிப்சி சங்கிலியை அறுக்கிற மாதிரிப் பாய்ந்து பாய்ந்து குரைக்கும்.

இருமல் எப்போது தொடங்கியது என்று இருவருக்கும் சரியாகத் தெரியாது. முதலில் பாண் துண்டு தொண்டையில் சிக்கியதாக்கும் என்று முதுகில் தட்டினார்கள். பிறகு அது அடிக்கடி வந்தது. தொண்ணூற்றேழாம் ஆண்டு கச்சான் என்கிற வெக்கைக் காற்று தொடங்கியபோது இருமல் வேறு மாதிரி ஆகிவிட்டது. தலையை முன்னே நீட்டி, கால்களை விரித்து நின்று, தாரா கத்துவதுபோல 'கோங் கோங்' என்று இழுத்து இருமும். கடைசியில் எதையோ வாந்தி எடுக்கப் போவதுபோல ஓங்காளித்து, ஒன்றும் வராமல், வாயோரம் கொஞ்சம் நுரை மட்டும் தெரியும்.

பக்கத்தில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த சீனித்தம்பி ஒரு காலை இதைப் பார்த்துவிட்டார். அவருடைய பேத்தி அப்போதுதான் நடை பழகி, பாண் வாங்க வருகிறவர்களின் காலுக்குள் ஓடித் திரிந்தாள். போன வருடம் பக்கத்து ஊரில் விசர்நாய் கடித்து ஒரு பிள்ளை செத்திருந்தது.

"பீற்றர் அண்ண, கோவிக்காதங்க. வாயில நுரை தள்ளுது. சத்தமும் மாறிப் போச்சு. இது விசர்தான்" என்றார்.

"என்ன கதை கதைக்கிறாய் சீனி? அது தண்ணி குடிக்குது, சாப்பிடுது..."

"அது கடிச்சாப் பிறகு கதைச்சு என்ன செய்யிற? எனக்கு ஒரு பேத்திதான் இரிக்கு."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். ஆனால் பயம் வாடிக்கையாளர்களுக்கும் பரவியது. பாண் வாங்க வந்தவர்கள் படியில் ஏறாமல் வெளியில் நின்றபடி கையை நீட்டினார்கள். இரண்டு பேர் சந்திக் கடையில் வாங்கிக்கொண்டு இந்த வாசலைத் தாண்டிப் போனார்கள்.

அன்று மத்தியானம் பீற்றர் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தார். போறணைக்குப் பக்கத்தில் ஜிப்சி இருமி முடித்துவிட்டு, வயிறு ஏறி இறங்கக் கிடந்தது.

"றோஸ், அது படுற பாட்டைப் பாக்க ஏலாது" என்றார். "டவுனுக்குக் கொண்டுபோய் ஊசி போட்டு முடிச்சிரலாம். நான் வர மாட்டன். நீ கொண்டு போ."

றோஸ்மேரி அவரைப் பார்த்தாள். அழுகிற முகம் இல்லை. அழுது முடித்த முகமும் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு சுற்றிவளைப்பில் இராணுவம் அவரைப் பிடித்துக்கொண்டு போய்ச் சில மாதம் வைத்திருந்து விட்ட நாளிலிருந்து அந்த முகத்தில் இப்படியொரு அடைப்பு இருந்தது. உள்ளே என்ன நடந்தது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. வீதியில் பெரிய வாகனம் உறுமினாலே துள்ளி எழுந்து கதவைச் சாத்துவார். "வா உள்ளுக்கு! வா!" என்று கத்துவார். பிறகு கொஞ்ச நேரம் கை நடுங்கும்.

"கொண்டு போறன்" என்றாள் றோஸ்மேரி. "ஊசிக்கில்ல. என்ன வருத்தம் எண்டு கேக்க."

மறுநாள் ஜிப்சியை ஒரு பனையோலைக் கூடைக்குள் வைத்து, மேலே துணி போட்டு, பஸ் ஏறினாள். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி நடக்க விட்டார்கள். நிழலே இல்லாத இடம். வரிசை நகரவில்லை. வெயில் ஏற ஏறக் கூடைக்குள் இருமல் தொடங்கியது. முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்து விலகினார்கள். ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டு கிட்ட வந்தான்.

"பிஸ்ஸு பல்லெக்த?" என்று கேட்டான். விசர் நாயா என்று கேட்கிறான் என்பது அவளுக்கு விளங்கியது.

"பிஸ்ஸு நே, மாத்தயா. அசனீப. டொக்டர்... டொக்டர்" என்று தெரிந்த சிங்களத்தையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். சுகமில்லை என்பதைக் கையாலும் காட்டினாள்.

அவன் துணியை விலக்கிப் பார்த்தான். ஜிப்சி நாக்கைத் தொங்கப் போட்டபடி அவனைப் பார்த்து வாலை ஆட்டியது. அவன் முகம் இளகியது. தங்கள் காவலரணுக்குப் பக்கத்தில் இருந்த வேப்ப மர நிழலைக் காட்டினான். அவள் கூடையை அங்கே வைத்ததும் தன் தண்ணீர்ப் போத்தலிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி நீட்டினான். ஜிப்சி நக்கிக் குடித்தது. "பிஸ்ஸு நே" என்று தன் கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்தான். வரிசைக்குத் திரும்பாமலேயே அவளைப் போக விட்டார்கள்.

மிருக வைத்தியர் கனகசிங்கத்தை ஊரில் எல்லோரும் மாட்டு டொக்டர் என்றுதான் சொல்வார்கள். அவர் நாளெல்லாம் பார்ப்பது மாடும் எருமையும் ஆடும். மேசையில் ஜிப்சியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"கன காலத்துக்குப் பிறகு ஒரு சின்னச் சாமான் வந்திரிக்கு. என்ன அக்கா செய்யுது இவவுக்கு?"

றோஸ்மேரி விசர் என்று ஊர் சொல்வதையும், கணவர் ஊசி போடச் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னாள். டொக்டர் கேட்டுக்கொண்டே கிட்ட வந்தார். ஜிப்சியின் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். ஈறைத் தூக்கிப் பார்த்தார். பிறகு கழுத்தின் முன்பக்கம், பட்டிக்குக் கீழே, இரண்டு விரலால் மெல்ல அழுத்தினார். உடனே அந்தத் தாராச் சத்தம் வந்தது. அவர் விரலை எடுத்து, நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்றார். இருமல் அடங்கியது.

"விசர் இல்ல அக்கா. நிச்சயமாச் சொல்லுறன். விசர் எண்டா மாசக் கணக்கா இப்படி இருந்து, வாலை ஆட்டி, என்ர கையை நக்காது. இது மூச்சுக்குழாய் தட்டையாகிற வருத்தம். பேராதனையில படிக்கக்குள்ள ரெண்டு நாய் பாத்தன். மறுகா இண்டைக்குத்தான் பாக்கிறன்."

"தட்டையாகிற எண்டா?"

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். "சின்ன வயசில பப்பாசி இலைத் தண்டால தண்ணி உறிஞ்சியிரிக்கிறயளா?"

"ஓம்."

"பச்சைத் தண்டு எண்டா எவ்வளவு உறிஞ்சினாலும் வட்டமா நிக்கும். வாடின தண்டு எண்டா?"

"ஒட்டிக்கொள்ளும்."

"அதுதான். மூச்சுக்குழாயைச் சுத்தி வளையம் வளையமாக் குருத்தெலும்பு இரிக்கு. அதுதான் குழாயைத் திறந்து வைச்சிரிக்கிற. இந்தச் சின்னச் சாதி நாயளுக்குச் சிலதுக்கு அந்த வளையம் பிறப்பிலயே பலமில்ல. வயசு போகப் போக வாடின தண்டு மாதிரி ஆகிரும். பலமா மூச்சு இழுத்தா ஒட்டும். ஒட்டினா இருமும். இரும இரும உள்ளுக்கு வீங்கும். வீங்கினா இன்னும் இருமும்."

"சுகமாக்க ஏலுமா டொக்டர்?"

"முழுசா ஏலாது. பொய் சொல்ல மாட்டன். ஆனா இதோட கன காலம் சந்தோசமா இரிக்கும், நீங்க கவனிச்சா. இப்ப சொல்லுங்க, வீட்டில புகை இரிக்கா?"

"எங்கட வீடு பேக்கரி ஐயா."

டொக்டர் நெற்றியில் கை வைத்தார். "எங்க கட்டி வைக்கிற?"

"போறணைக்குப் பக்கத்தில."

"என்ன சாப்பாடு?"

"பணிஸ்."

அவர் சிரித்துவிட்டார். றோஸ்மேரிக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. அவர் கத்தரியை எடுத்துக் கழுத்துப் பட்டியை 'சரக்' என்று வெட்டிக் குப்பை வாளிக்குள் போட்டார்.

"இனிமேல் கழுத்தில ஒண்டும் வேண்டாம். சங்கிலி நெஞ்சைச் சுத்தித்தான் இருக்கோணும், கழுத்தை இழுக்கப்படாது. உடம்பு பாதியாகோணும். சோறு கொஞ்சம், மீன் கொஞ்சம், பூசணிக்காய். பணிஸ் ஒரு துண்டும் இல்ல. புகையில்லாத இடத்தில படுக்க வைங்க. வெயிலுக்கக் கொண்டு திரியாதங்க. இருமல் மருந்து ஒண்டு எழுதித் தாறன். நான் எழுதின அளவுக்கு மேல ஒரு துளியும் குடுக்காதங்க. மனுசர்ர மருந்தை நீங்களா யோசிச்சுக் குடுக்கிற வேலையும் வேண்டாம்."

விசருக்குத் தடுப்பூசியும் போட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டே கேட்டார். "வெடிச் சத்தம் கேட்டா என்ன செய்யும்?"

"குரைச்சுக் குரைச்சு ஓடும். அதுக்குப் பிறகுதான் கூட இருமும்."

"வீட்டில முதல்ல ஆர் பதறுற?"

றோஸ்மேரி ஜிப்சியைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தாள்.

"கேக்கிறது என்னத்துக்கெண்டா, நாய் எங்கட முகத்தைத்தான் பாக்கும். நாங்க ஓடினா அது ஓடும். மூச்சு முட்டினா ஒருத்தரும் கத்தப்படாது. குளிரான தரையில வைச்சு, கழுத்தை நேரா விட்டு, காதிலயும் பாதத்திலயும் ஈரத் துணி வைங்க. மெல்லக் கதைச்சு, நெஞ்சைத் தடவிக்கொண்டிருங்க. முதல்ல உங்கட மூச்சு ஆறோணும். மறுகாதான் அதின்ர மூச்சு ஆறும்."

திரும்பும் வழியில் ஏறாவூரில் இறங்கி, அப்துல் கபூரின் பாமசிக்குப் போனாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மருந்துத் துண்டை வாசித்தார்.

"ஜிப்சி. புள்ளைக்கு எத்தின வயசு?"

"ஏழு."

"இருமல் கடுமையா?"

"ஓம், கடுமை."

"நிறை எவ்வளவு?"

"அதுவும் ஏழு கிலோதான். டொக்டர் பாதியாக்கச் சொன்னவர்."

கபூர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன புள்ள சொல்றாய்? ஏழு வயசுப் புள்ளைக்கு ஏழு கிலோ. அதையும் பாதியாக்கவா? எந்த டொக்டர் இவன்?"

அந்த நேரம் பார்த்துக் கூடைக்குள்ளிருந்து இருமல் வந்தது. கபூர் எட்டிப் பார்த்தார். ஜிப்சியும் எட்டிப் பார்த்தது. "அட அல்லாவே!" என்று அவர் பின்னால் போய் அலுமாரியில் முட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மருந்து தட்டுப்பாடாக இருந்த காலத்திலும் தேடி எடுத்துக் கொடுத்தார். "முடிய முந்தி வா. எடுத்து வைக்கிறன். அதுவும் ஒரு உசிருதானே" என்றார்.

றோஸ்மேரி வீட்டுக்கு வந்து முதலில் போனது சீனித்தம்பியின் கடைக்கு. டொக்டர் சொன்னதைச் சொன்னாள். தடுப்பூசி போட்டதையும் சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார். பிறகு அவள் இமெல்டாவின் பழைய புத்தகப் பையை வெட்டி நெஞ்சுப் பட்டி தைப்பதைக் கண்டு, இரண்டு கொளுக்கியும் ஒரு வளையமும் கொண்டுவந்து கொடுத்தார். தைத்து முடித்துப் போட்டுப் பார்த்தபோது, தன் பேத்தியைத் தூக்கிக் கிட்டக் கொண்டுவந்து நாயின் முதுகைத் தொடவும் வைத்தார்.

பீற்றருக்கு எல்லாம் சம்மதந்தான், பணிஸைத் தவிர. அரைச் சுவரைக் கூரை வரைக்கும் எழுப்பச் சொன்னபோது அடுத்த நாளே கல் வாங்கி வந்தார். வாவிப் பக்கக் காற்று வருகிற பின் அறையில் ஜிப்சிக்குப் பாய் போட்டார். புதுச் சுவர் எழும்பிய பிறகு றோஸ்மேரிக்கே காலையில் கண் எரியவில்லை. இருமலும் குறைந்தது. ஆனால் நாயின் உடம்பு குறையவில்லை. ஒரு காலை அவள் வழக்கமில்லாத நேரத்தில் போறணைப் பக்கம் போனபோது காரணம் தெரிந்தது. பீற்றர் குந்தியிருந்து பணிஸைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன வேலை பாக்கிறயள்?" என்றாள்.

அவர் பிடிபட்ட பிள்ளை மாதிரி எழுந்தார். "பாக்குது புள்ள. இப்படிப் பாக்கக்குள்ள என்னெண்டு மறுக்கிற?"

"நீங்க ஊட்டுற பணிஸ்தான் அதின்ர நெஞ்சில ஏறி இரிக்குது. மூச்சு விட இடமில்ல. அதுக்கு இரக்கப்படுறதெண்டா இதைத்தான் நிப்பாட்டோணும்."

பீற்றர் கையில் இருந்த மிச்சத்தைத் தன் வாயில் போட்டுக்கொண்டார். அன்றைக்குப் பிறகு கொடுக்கவில்லை. ஜிப்சி கொஞ்ச நாள் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பியது. பிறகு அவர் உமிக்கரி போட்டுத் துலக்கின பேணியில் அவித்த பூசணிக்காயைப் பிசைந்து கொண்டுவர, அதுவும் பழகிற்று. ஆடி மாதம் முடிய முன்பே இடுப்பு என்று ஒன்று இருப்பது தெரிந்தது.

ஒன்றை மட்டும் றோஸ்மேரி அவரிடம் நேராகச் சொல்லாமல் இருந்தாள். வீட்டில் முதலில் பதறுவது யார் என்ற கேள்வியை. மூச்சு முட்டினால் செய்ய வேண்டியதை எல்லாம் சொல்லி, "முதல்ல எங்கட மூச்சு ஆறோணுமாம்" என்று பொதுவில் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டு போறணைக்குள் விறகைத் தள்ளினார்.

ஆவணி மாதம் ஒருநாள் மருந்து முடிகிற நிலையில் இருந்தது. றோஸ்மேரி மத்தியானத்துக்கு முன் ஏறாவூருக்குப் போனாள். கபூர் மருந்தை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது செங்கலடிப் பக்கம் பெரிய வெடிச் சத்தம் கேட்டது. அலுமாரிக் கண்ணாடிகள் கிலுங்கின. பிறகு சடசடவென்று துப்பாக்கிச் சத்தம். கடைத்தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஆட்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.

"வெளிக்கிடாத புள்ள, உள்ளுக்கு வா" என்று கபூர் பாதிக் கதவை இழுத்து மூடிவிட்டு, கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக்குள் அவளைக் கூட்டிப் போனார். அவருடைய மனைவி றஸீனா கதிரை போட்டு, தேத்தண்ணி கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அந்தக் காலத்தில் முஸ்லிம் ஊரான ஏறாவூரில் ஒரு தமிழ்ப் பெண்ணும், தமிழ் ஊரான செங்கலடியில் ஒரு முஸ்லிம் ஆளும் இப்படி அகப்படுவது இரு பக்கத்துக்கும் பயமான காரியம். றஸீனா அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. "வூட்டுல ஆரு இரிக்கிற?" என்று மட்டும் கேட்டாள்.

"அவரும் நாயும்" என்றாள் றோஸ்மேரி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மருந்து தன் மடியில் இருக்கிறது. அங்கே அவர் கதவைச் சாத்திக் கத்திக்கொண்டிருப்பார். கண்ணுக்குள் ஓடியது அதுதான். நாய் அவருக்குப் பின்னால் ஓடும். பிறகு இருமும். அவருக்குக் கை நடுங்கும். ஈரத் துணி பிழியக்கூட அவரால் ஏலாது. நாயை நினைத்து அழுகிறாளா, அவரை நினைத்து அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. றஸீனா பக்கத்தில் வந்து இருந்து முதுகைத் தடவினாள்.

வாகனம் ஒன்றையும் விடவில்லை. பின்னேரம் நடந்து போகிறவர்களை விடுகிறார்கள் என்று கபூர் விசாரித்து வந்து சொன்னார். ஏறாவூர் எல்லை வரைக்கும் தானே கூட வந்தார். அங்கிருந்து றோஸ்மேரி தனியே நடந்தாள். வீதியோரத்தில் வெடித்திருக்கிறது, ஊர்ச் சனத்துக்குப் பெரிய சேதம் இல்லை என்று வழியில் வந்தவர்கள் சொன்னார்கள். அவள் நடையை ஓட்டமாக்கினாள். சோதனையில் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். மருந்துப் போத்தலை முகர்ந்து பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பேக்கரிக் கதவு சாத்தியிருந்தது. சீனித்தம்பியின் கடை திறந்து கிடந்தது, ஆனால் அவர் இல்லை. ஆளில்லாமல் கடையைத் திறந்து போட்டுவிட்டு அவர் எங்கேயும் போகிறவர் இல்லை. பின் பக்கத்தால் சுற்றி ஓடினாள்.

பின் அறையில், சீமெந்துத் தரையில், பீற்றர் சுவரில் சாய்ந்து காலை நீட்டி இருந்தார். மடியில் ஜிப்சி. அதன் காதிலும் பாதத்திலும் ஈரத் துணி. சீனித்தம்பி பக்கத்தில் குந்தியிருந்து ஒரு அட்டைப் பெட்டி மூடியால் விசிறிக்கொண்டிருந்தார்.

றோஸ்மேரி வாசலிலேயே நின்றாள். நாயின் வயிற்றைப் பார்த்தாள். அது ஏறியது. இறங்கியது. மெல்ல, சத்தமில்லாமல்.

"நித்திரை" என்றார் பீற்றர், ரகசியம் சொல்வதுபோல. "கத்தாத."

அவள் அப்படியே தரையில் இருந்துவிட்டாள்.

"என்ன நடந்த?"

"வெடிச்சவுடன நான் எழும்பி ஓடிக் கதவைச் சாத்தினன். கத்தினதும் நான்தான். இது எனக்குப் பின்னால ஓடி வந்து குரைச்சுக் குரைச்சு... ஒரேயடியா விழுந்து போச்சு புள்ள. நாக்கு நாவல்பழம் மாதிரி. மூச்சு வரல்ல. இழுக்குது, உள்ளுக்குப் போகல்ல."

"மறுகா?"

"நீ சொன்னது ஞாபகம் வந்திச்சு. முதல்ல என்ர மூச்சு எண்டு. வெளியால சுடுறாங்கள். நான் இதைத் தூக்கிக்கொண்டு வந்து இஞ்ச இருந்தன். தண்ணியைத் துணியில ஊத்தினன். செபம் சொல்லப் பாத்தன், வாய்க்கு வரல்ல. அதால மாக் குழைக்கிறதைச் சொன்னன்."

"என்னத்தை?"

சீனித்தம்பி விசிறுவதை நிறுத்தினார். "ஓம் அக்கா. இவர்ர சத்தம் கேக்கல்ல எண்டு நான் பயந்து ஓடி வாறன், இவர் நாய்க்கு மாக் குழைக்கப் படிப்பிக்கிறார். மாவை அரிக்கிற, நடுவில குழி வெட்டுற, உப்பைத் தண்ணியில கரைக்கிற, ஈஸ்ட் பொங்கு மட்டும் பாத்திரிக்கிற... மெல்ல மெல்ல, பாட்டுப் போல. முடிஞ்சா திரும்ப முதல்ல இருந்து. நான் நினைச்சன், விசர் நாய்க்கில்ல, அண்ணனுக்குத்தான் எண்டு."

பீற்றரின் உடம்பு குலுங்கியது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். நாய் விழித்துவிடுமே என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொஞ்சம் கொஞ்சமா நாக்கு சிவந்திச்சு" என்றார் பிறகு. "இழுவை குறைஞ்சிச்சு. என்ர கையும் அப்பத்தான் பாத்தன். நடுங்கல்ல."

சீனித்தம்பி எழுந்து, பேத்தி தேடுவாள் என்று சொல்லிப் போனார். றோஸ்மேரி உறையிலிருந்து மருந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இப்போது கொடுக்கத் தேவையில்லை, எழும்பினால் பார்க்கலாம் என்று நினைத்தாள். பீற்றர் நாயின் நெஞ்சைத் தடவியபடியே இருந்தார்.

"அங்க இருக்கக்குள்ளயும் நான் இப்படித்தான்" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"ஆமிக் காம்பில. பக்கத்து அறையில இருந்து சத்தம் வரும். அப்ப நான் மனசுக்குள்ள மாக் குழைப்பன். பதமா வந்து, உருட்டி, தட்டில வைச்சு, போறணைக்க தள்ளு மட்டும். சில நாளைக்கு எத்தினையோ தரம். மறந்து போயிருந்தன். இண்டைக்குத்தான் ஞாபகம் வந்திச்சு."

ஏழு வருடத்தில் அவர் வாயால் அந்த இடத்தைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. றோஸ்மேரி தன் கையை அவர் கையின் மேல் வைத்தாள். இரண்டு கைக்கும் கீழே ஜிப்சியின் நெஞ்சு சீராக அசைந்துகொண்டிருந்தது.

வெளியே வீதி மெல்ல மெல்ல உயிர்த்தது. ஒரு சைக்கிள் மணி கேட்டது. யாரோ முன்கதவைத் தட்டினார்கள்.

"அக்கா! பாண் இரிக்கா?"

பீற்றர் திடுக்கிட்டார். அவ்வளவுதான், எழும்பவில்லை. ஜிப்சி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது. அவர் அசையாததைக் கண்டு திரும்ப மூடிக்கொண்டது.

"காலையில குழைச்ச மா பொங்கி வழிஞ்சு போயிரிக்கும்" என்றார் பீற்றர். "திரும்பக் குழைக்கோணும். கொஞ்ச நேரம் சுணங்கும் எண்டு சொல்லு."

றோஸ்மேரி எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். கதவைத் திறந்தபோது மூன்று நாலு பேர் படியில் ஏறி நின்றார்கள்.

"சுணங்கும்" என்றாள் சிரித்துக்கொண்டு. "இரிங்க, இல்லாட்டி போயித்து வாங்க. பாண் வரும்."